ஹோட்டல் மேசையில் இருபது நிமிடம்

அன்று ஞாயிற்றுக்கிழமை. குவெம்பு நகரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் டிபன் ஹோட்டலில் எங்களுக்கு இடம் கிடைத்தபோது மணி ஒன்பதரை ஆகிவிட்டது. மைசூரில் ஞாயிறு காலை அந்த மாதிரி ஹோட்டல்களில் யாரும் வரிசையில் நிற்பதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். அவர் கடைசி வாய்க் காபியைக் குடிக்கும்போது நம் கை நாற்காலியின் முதுகில் இருக்க வேண்டும்.

அப்படி முக்கால் மணி நேரம் நின்று பிடித்த மேசை. நான், என் மனைவி கவிதா, மகள் இனியா. இனியாவுக்கு அப்போது நாலு வயது முடிந்து சில மாதங்கள்.

நான் நெய் ரோஸ்ட் சொன்னேன். கவிதாவுக்கு இட்லி, இனியாவுக்குப் பூரி. எதுவும் வரவில்லை. இனியா முதலில் நாற்காலியில் மண்டியிட்டாள். பிறகு கீழே இறங்கினாள். பிறகு மேசைகளுக்கு நடுவே ஓட ஆரம்பித்தாள். இரண்டு முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை குரலை உயர்த்தினேன். அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அவள் இன்னும் வேகமாக ஓடினாள்.

சமையல்கட்டுக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, தட்டில் மூன்று காபியுடன் சப்ளையர் வெளியே வந்தார். இனியா அவருடைய முழங்காலில் போய் மோதினாள்.

தட்டு சாய்ந்ததும் அவர் ஒரு கையால் குழந்தையை விலக்கிவிட்டார். அவள் மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. மூன்று காபியும் அவருடைய இடது முன்கையில் கொட்டின.

நான் எழுந்து ஓடினேன். அவர் கையைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. என் மகளின் தோளைப் பிடித்துத் திருப்பி, கன்னத்தில் அறைந்தேன்.

உள்ளே மாவு அரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இனியா அழவில்லை. என்னை அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். அவள் கவுனின் ஓரத்திலிருந்து தரையில் ஈரம் சொட்டியது. பயத்தில் சிறுநீர் கழித்துவிட்டாள்.

சப்ளையரின் பெயர் சித்தராஜு. சாமராஜநகர் பக்கத்துக்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். வெந்த கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“மகுவை அடிக்க பேடா சார். கையி என்னுது. நான் ஒண்ணும் கேக்கலையே.”

அவர் சொன்ன ‘மகு’ என் குழந்தை, ‘பேடா’ என்றால் வேண்டாம். அந்த இடத்தில் அவளுக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

எதையும் சாப்பிடாமல் வெளியே வந்தோம்.

இதை ஏன் எழுதுகிறேன்

இத்தனை வாரங்களாக இந்தத் தொடரில் தொழிற்சாலையைப் பற்றித்தான் எழுதி வந்தேன். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பாகங்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று பிரிக்கிற வேலை எனக்கு. சென்ற வாரம் வந்ததைப் படித்துவிட்டுக் கவிதா பத்திரிகையை மடித்து வைத்தாள். மற்றவர்கள் செய்த தப்பையெல்லாம் நன்றாக எழுதுகிறீர்கள், ஹோட்டலில் நீங்கள் செய்ததை எப்போது எழுதப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

அதனால் எழுதுகிறேன். ஆரம்பம் எனக்கு வெட்கம்தான். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைப் போல நான் பெருமைப்படுகிற விஷயம் வேறு எதுவும் இல்லை. தொழிற்சாலையில் வாங்கிய சான்றிதழ்கூட இல்லை.

கொள்ளேகால் பஸ் நிலையத்தில் ஒரு பூரி

எங்கள் சொந்த ஊர் ஹனூர். நானும் என் அண்ணனும் சிறுவர்களாக இருந்தபோது ஹோட்டல் என்றால் வருடத்துக்கு இரண்டு, மூன்று முறைதான். கொள்ளேகாலில் ஏதாவது வேலை என்றால் அப்பா எங்களையும் அழைத்துப் போவார். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஹோட்டல். நீளமான பெஞ்சு. உள்ளே நுழைவதற்கு முன்பே அப்பா சட்டம் சொல்லிவிடுவார்: வாயைத் திறக்கக் கூடாது, ரெண்டாவது கேட்கக் கூடாது.

ஒரு முறை பூரி வந்த சந்தோஷத்தில் நான் கையை நீட்ட, தண்ணீர் டம்ளர் கவிழ்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவருடைய வேட்டி நனைந்தது. யார் தட்டியது என்று அப்பா கேட்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்தது அண்ணன். அவனுக்குத்தான் அடி விழுந்தது. நான் கொட்டினேன் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பூரியை நாங்கள் சத்தமே இல்லாமல் சாப்பிட்டோம். பசங்க எவ்வளவு அடக்கமா இருக்காங்க என்று கல்லாவில் இருந்தவர் அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

குழந்தை அடக்கமாக இருப்பது என்றால் அதுதான் என்று நானும் நம்பி வளர்ந்துவிட்டேன்.

போனைக் கொடுத்த காலம்

இனியா பிறந்த பிறகு அடிக்கவே கூடாது என்று நினைத்திருந்தேன். அதற்குப் பதிலாக நான் கண்டுபிடித்த வழி எல்லோரும் கண்டுபிடித்ததுதான். ஹோட்டலில் உட்கார்ந்ததும் போனைத் தண்ணீர் ஜாடி மேல் சாய்த்து வைத்துவிடுவேன். அதில் பொம்மைகள் ஆடும். அவள் வாயைத் திறப்பாள், நாங்கள் ஊட்டுவோம். பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைப் பாராட்டும் பார்வை பார்ப்பார்கள்.

ஒரு நாள் முழு மசால் தோசையையும் அப்படியே ஊட்டி முடித்தோம். வாயைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்ததும் இனியா மேசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“அப்பா, தோசை எப்ப வரும்?”

கவிதா சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. இனிமேல் போன் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். போனை நிறுத்தியதோடு சரி. அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. காபி கொட்டிய ஞாயிறு அதற்கு அடுத்த மாதம் வந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்

மறுநாள் காலை. இனியாவைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருந்தேன். அவள் உதட்டோரத்தில் பற்பசை ஒட்டியிருந்தது. துடைக்கலாம் என்று கையை உயர்த்தினேன்.

அவள் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, தோள்களைக் காது வரை தூக்கிக்கொண்டாள்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. அடி விழும் என்று காத்திருந்தாள்.

அன்று நான் ஷிப்டுக்குப் போகவில்லை. போனில் விடுப்புச் சொல்லிவிட்டுத் தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம், அதற்கென்று வார்த்தைகள் இருக்கின்றன. நாலு வயதுக் குழந்தையிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அப்பா அடிச்சது தப்பு, இனிமே அடிக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்:

“வீட்டுல மட்டுமா? ஹோட்டல்லயுமா?”

“ஹோட்டல்லயும் சாமி. எங்கயுமே.”

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அடுத்த பல வாரங்களுக்கு என் கை சட்டென்று உயர்ந்தால் அவள் கண்கள் மூடத்தான் செய்தன.

அன்று மதியமே தனியாக அந்த ஹோட்டலுக்குப் போனேன். சித்தராஜுவின் கையில் துணி சுற்றியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். காலையிலேயே போய் மருந்து போட்டாகிவிட்டது என்றார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஹோட்டலில் ஈ கூட இருக்காது, அப்போது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

துணிக்கடையில் தெரிந்த கணக்கு

கவிதா சயாஜி ராவ் சாலையில் ஒரு துணிக்கடையில் பட்டுப் பிரிவில் விற்பனைப் பெண். கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பங்களோடு நாள் முழுவதும் குழந்தைகளும் வரும். அவள் என்னிடம் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“ஏனுங்க, எங்க கடைக்கு வர்ற புள்ளைங்களைத் தினமும் பாக்கறனுங்க. கொஞ்ச நேரம் நல்லா உக்காந்திருக்கும். அப்புறம் காலு ஆட ஆரம்பிக்கும். அப்புறம் கவுண்டருக்கு அடியில பூந்துக்கும். அது கெட்ட புள்ளை இல்லீங்க. அதோட நேரம் முடிஞ்சுபோச்சு, அவ்வளவுதான். நம்ம இனியாவுக்கு இருபது நிமிசம். நீங்க முக்கா மணி நேரம் நிக்க வெச்சுட்டு, அப்புறம் நெய் ரோஸ்ட் சொன்னீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. தொழிற்சாலையில் ஒரு பாகம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிந்துகொண்டுதான் அதன்மேல் பாரம் ஏற்றுவோம். என் மகள் எவ்வளவு நேரம் தாங்குவாள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்ததும் நாலு மணிக்கு மூவரும் கிளம்பினோம். கிளம்பும் முன்பே கவிதா இனியாவிடம் எல்லாவற்றையும் கதை போலச் சொல்லிவிட்டாள். போவோம், உட்காருவோம், ஒரே ஒரு வடை சாப்பிடுவோம், வந்துவிடுவோம். உள்ளே நடக்கலாம், ஓடக் கூடாது. போதும் என்று தோன்றினால் நீயே சொல்லலாம்.

வாசலில் இனியா நின்றுவிட்டாள். என் கையைப் பிடிக்காமல் கவிதாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் சித்தராஜு வந்து மேசை மேல் மூன்று டம்ளர்களை வைத்தார். அவர் கையில் துணி இல்லை, சிவந்த தழும்பு இருந்தது. இனியா அதையே பார்த்தாள். நான் அவளைச் சாரி சொல்லச் சொல்லவில்லை. நானே அவள் முன்னால் இன்னொரு முறை அவரிடம் சொன்னேன்.

ஏழு நிமிடம் உட்கார்ந்தாள். “சாக்கு” என்றாள். வடையைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டோம்.

எங்கள் மகள் பள்ளியிலும் தெருவிலும் கன்னடம் பேசுகிறவள். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். தமிழ் வார்த்தை வராதபோது அவளுக்கு அதுதான் முதலில் வரும்.

தரையில் படுத்த சனிக்கிழமை

ஒவ்வொரு வாரமும் முன்னேற்றம் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மூன்றாவது வாரம் ஜாமூன் வேண்டும் என்று கேட்டாள். அன்று ஜாமூன் தீர்ந்துவிட்டது. தரையில் மல்லாந்து படுத்துக் கத்தினாள். இருந்த நாலு மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் போனைக் கொடுங்கள், நின்றுவிடும் என்றார். இன்னொருவர் என்னைப் பார்த்துக் கையால் அடிக்கும் சைகை காட்டினார்.

என் காது சூடாகிவிட்டது. கை பரபரத்தது, பொய் சொல்லப் போவதில்லை. இரண்டு கைகளாலும் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். என் தோளைக் கடித்தாள். அடங்கும் வரைக்கும் நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. கடைசியில் விக்கிக்கொண்டே ஜாமூன் நாளைக்கு வருமா என்று கேட்டாள். வரும் என்றேன்.

மறுவாரம் ஒன்பது நிமிடம். அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு. மேசைக்கு வந்ததும் டம்ளர்களை ஆளுக்கு ஒன்றாக வைப்பது அவள் வேலை ஆனது. சட்னி வேண்டும் என்றால் நாங்கள் கேட்பதில்லை, அவளே சித்தராஜுவைப் பார்த்து “அங்கிள், சட்னி கொடி” என்று கன்னடத்தில் கேட்பாள். அவர் கல்லாவில் இருக்கும் முதலாளிக்குப் பதில் சொல்வது போல நின்று பதில் சொல்வார்.

மழைக்காலம் முடிவதற்குள் இருபது நிமிடம் வந்துவிட்டது. அந்த நாட்களில் ஒன்றில், கன்னத்தில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலைத் துடைக்கக் கையை நீட்டினேன். அவள் வடையை மென்றுகொண்டே முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். கண்கள் திறந்தே இருந்தன. கவிதா அதைக் கவனித்தாளா என்று பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாம்பாரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கலக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அண்ணன் வந்தபோது

தசரா விடுமுறையில் என் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். அவருக்குக் குண்டலுபேட்டையில் காய்கறி மண்டி. அண்ணி, ஐந்து வயது மகன் சூர்யா. எல்லோருக்கும் மதியச் சாப்பாடு வெளியே என்று அண்ணன் சொல்லிவிட்டார். தசரா நேரத்தில் மைசூரில் ஹோட்டல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஏசி ஹோட்டல். இடம் கிடைக்கவே அரை மணி நேரம். அந்த அரை மணியும் நானும் இனியாவும் வாசலுக்கு வெளியே நின்று போகிற வருகிற குதிரை வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேசை கிடைத்த பிறகுதான் அவளை உள்ளே அழைத்துப் போனேன்.

சூர்யாவின் கையில் போன். இனியா டம்ளர்களை வரிசைப்படுத்தினாள். சாப்பாடு வர நேரமாயிற்று. அவள் கால்கள் ஆட ஆரம்பித்தன. இறங்கி ஓடிவிடுவாளோ என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, எனக்குச் சாக்கு. வெளிய போலாமா?”

அண்ணனுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். இருந்தாலும் தமிழ் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு, பாரு, இந்த வயசுலயே சாக்குச் சொல்றா என்று சிரித்தார். ரெண்டு போட்டா உட்கார்ந்துட்டுப் போறா, நம்மளை எல்லாம் அப்படித்தானே வளர்த்தாங்க என்றார். நான் எழுந்து அவளை வெளியே கூட்டிப் போனேன். ஐந்து நிமிடம் நடந்தோம். அவளாகவே உள்ளே போகலாம் என்றாள்.

திரும்பி வந்தபோது மேசையில் சாப்பாடு வந்திருந்தது. போனில் சார்ஜ் தீர்ந்து, சூர்யா சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தான். தட்டைத் தள்ளினான். ரசம் மேசையில் ஓடியது. சுற்றிலும் எல்லோரும் பார்த்தார்கள். அண்ணனின் முகம் கறுத்தது. கையை ஓங்கினார்.

இனியா தன் நாற்காலியில் ஏறிக்கொண்டிருந்தாள். பயப்படாமல், தெரிந்த விஷயத்தைச் சொல்லித் தருவது போலச் சொன்னாள்:

“பெரியப்பா, ஹோட்டல்லயும் அடிக்கக் கூடாது. அப்பா சொன்னாரு.”

ஓங்கிய கை நின்றது. அண்ணன் என்னைப் பார்த்தார். நீ என்ன, புள்ளையை அடிக்கறதே இல்லையா என்று கேட்டார். குரலில் கேலி இருந்தது. சிரித்து மழுப்பியிருக்கலாம். இனியா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடிச்சேன்ணா. ஒரு தடவை. இப்படி ஒரு ஹோட்டல்ல, எல்லார் முன்னாடியும். பயத்துல இருந்த எடத்துலயே நனைச்சுட்டா. அதுக்கப்புறம் நான் கையைத் தூக்குனாலே கண்ணை மூடிக்குவா. அது போறதுக்கு எனக்கு நாலு மாசம் ஆச்சு.”

அண்ணி தலையைக் குனிந்துகொண்டு துணியால் ரசத்தைத் துடைத்தார். அண்ணன் கையை இறக்கி மேசை மேல் வைத்தார். அப்பாவைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அண்ணன் யாரை நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

நான் சூர்யாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். இனியாவும் இறங்கி, நடந்துதான், கூடவே வந்தாள். குதிரை வண்டி நிற்கும் இடத்தை அவனுக்குக் காட்டினாள். அவன் அழுகை அடங்கியதும் மூவரும் திரும்பினோம். ஆறிப்போன சாதத்தில் அவன் தயிர் ஊற்றிச் சாப்பிட்டான். தானாகவே சாப்பிட்டான். அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் கூட்டமில்லாத நேரத்தில் இனியாவை ஹோட்டலுக்கு அழைத்துப் போவதையும் எங்கள் நிமிடக் கணக்கையும் அப்போது அவர்களிடம் சொன்னேன்.

பில் வந்தபோது, எங்களுக்குப் பரிமாறிய பெண் இனியாவைப் பார்த்து, நீ ரொம்ப ஒள்ளெ ஹுடுகி, நல்ல பெண் என்றாள். இனியா உடனே கேட்டாள், சூர்யா? அவனும்தான் என்றாள் அந்தப் பெண். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எத்தனையோ பாகங்களைச் சரி என்று முத்திரை குத்தியிருக்கிறேன். எனக்கே ஒரு முத்திரை விழுந்த மாதிரி அன்றுதான் இருந்தது.

பத்து நாள் கழித்து

விடுமுறை முடிந்து ஊர் போன பிறகு பத்து நாள் வரை அண்ணனிடமிருந்து போன் இல்லை. கோபமாக இருக்கிறார் என்றே நினைத்தேன். பலர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேனோ என்று கவலையாகவும் இருந்தது. அவர் அண்ணன். கொள்ளேகாலில் விழுந்த அடி போல, நான் என்ன செய்தாலும் அவர் மேல்தான் விழும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிட்டார். தக்காளி விலை, மழை, என் ஷிப்டு எல்லாம் பேசினார். மண்டியில் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது.

“தம்பி, நீங்க அந்தச் சனிக்கிழமை போறீங்களே ஹோட்டல். எத்தனை மணிக்குக் கூட்டம் இருக்காதுன்ன?”

நாலு மணி என்றேன்.

“சரி. நாளைக்குச் சூர்யாவைக் கூட்டிட்டு நான் வர்றேன். நான் மட்டும். அண்ணிகிட்டச் சொல்லிட்டேன்.”

போனை வைப்பதற்கு முன், தயங்கிக்கொண்டே இன்னொன்று கேட்டார். முதல் நாள் எத்தனை நிமிடம் உட்காருவான் என்று எதிர்பார்க்கலாம்?

ஏழு என்றேன்.